பெரியப்பாவின் இடுப்புவலி

1

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என் மகள் யாழினி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உயிரியல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் யாருக்கெல்லாம் காதுமடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது, யாருக்குத் தனியாகத் தொங்குகிறது என்று நான்கு தலைமுறைக்குப் படம் வரைய வேண்டும். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். ஒட்டிய காது உள்ளவர்களைக் கறுப்பாக நிரப்ப வேண்டும்.

நாங்கள் பின்லாந்தில் தம்பரே என்ற ஊரில் இருக்கிறோம். வந்து பதினாறு வருடம் ஆகிறது. யாழினி இங்கேயே பிறந்தவள். தமிழில் பேச ஆரம்பித்து மூன்றாவது வாக்கியத்தில் ஃபின்னிஷுக்குப் போய்விடுவாள். அன்றைக்கு அவளுக்கு என் பக்கத்து ஆட்கள் தேவைப்பட்டதால் தமிழிலேயே நின்றாள்.

"தாத்தாவோட அண்ணாவுக்குக் காது எப்படிம்மா இருக்கும்?"

பெரியப்பாவின் காது எனக்கு நினைவில்லை. அவர் கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததுதான் நினைவிலிருக்கிறது. தெரியாது என்றேன்.

"அவர் எதனால செத்தார்?"

"இடுப்பு வலியாலம்மா. ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டார்."

யாழினி பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இடுப்பு வலியில யாராவது சாவாங்களா?"

பதினைந்து வயதுப் பெண் கேட்ட கேள்வி. நான் புராஸ்டேட் புற்றுநோயை ஆராய்ச்சி செய்கிறவள். அது முற்றினால் முதலில் போய் உட்காரும் இடம் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள். பெரியப்பாவுக்கு ஒலக்கூரில் எண்ணெய் தேய்த்தார்கள், சுளுக்கு எடுத்தார்கள், திண்டிவனத்தில் இடுப்புக்குப் பட்டி போட்டார்கள். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. அதற்குப் பிறகு எத்தனையோ படித்தேன். ஒரு நாளும் அந்தக் கட்டிலுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

யாழினியின் கையிலிருந்து பென்சிலை வாங்கி, பெரியப்பாவின் சதுரத்தைக் கறுப்பாக்கினேன். அப்பாவின் அப்பா, எங்கள் தாத்தா, நீர் அடைத்துச் செத்தார் என்று சொல்வார்கள். அவர் சதுரத்தையும் நிரப்பினேன். அப்பாவின் தங்கை அஞ்சலை அத்தைக்கு நாற்பத்தோரு வயதில் ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். அவள் வட்டத்தையும் நிரப்பினேன்.

"அஞ்சலைப் பாட்டிக்கு ஒட்டின காதா?"

"இல்ல."

"அப்ப ஏம்மா கறுப்பாக்குற? என் ஹோம்வொர்க்!"

2

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சில குடும்பங்களில் அப்பா, மகன், பேரன் என்று புராஸ்டேட் புற்று வரிசையாக வருகிறது. எந்த மரபணு பழுதாவதால் அப்படி வருகிறது என்று தேடுவது எங்கள் வேலையில் ஒரு பாதி. மறுபாதி, ரத்தத்திலும் சிறுநீரிலும் அடையாளங்களைத் தேடுவது. ஏனென்றால் இந்தப் புற்றில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று தூங்கும். அதோடு மனிதர் தொண்ணூறு வயது வரை வாழ்ந்து வேறு ஏதோவொன்றில் சாவார். இன்னொன்று ஓடும். எது தூங்குவது, எது ஓடுவது என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தால் பாதிப் பேரை வீணாகக் கத்திக்கு அனுப்ப வேண்டியதில்லை, மீதிப் பேரைக் காப்பாற்றலாம்.

புராஸ்டேட்டுக்கு ஃபின்னிஷில் ஏத்துரௌஹனென் என்று பெயர். முன்பக்கச் சுரப்பி என்று பொருள். ரௌஹா என்றால் சமாதானம். வந்த புதிதில் மொழி வகுப்பில் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது சொல்லின் வாலை விட்டுவிட்டேன். "நான் முன்பக்கச் சமாதானத்தில் ஆராய்ச்சி செய்கிறேன்" என்று ஆகிவிட்டது. ஆசிரியை மரியாதையாக, எந்த நாட்டுச் சண்டையைப் பற்றி என்று கேட்டார்.

ஊரில் இந்தச் சிக்கல் இல்லை. ஊரில் அதற்குப் பெயரே இல்லை. யூரின் பிராப்ளம் என்பார்கள், வயசாயிடிச்சி என்பார்கள். அத்தோடு முடிந்தது. அப்பா அக்கம்பக்கத்தில் "எம் பொண்ணு கேன்சர் டாக்டரு" என்று சொல்லி வைத்திருந்தார். என்ன கேன்சர் என்று யாராவது கேட்டால் "எல்லாக் கேன்சரும்தான்" என்பாராம்.

எங்கள் ஆய்வுக்கு ரத்தம் கொடுக்க வரும் ஒரு முதியவர் முதல் நாளே நான்கு தாள்களைக் கொண்டுவந்தார். அவருடைய முன்னோர்களின் பெயர்கள், பிறந்த நாள், இறந்த நாள், எதனால் இறந்தார்கள் என்பது வரை தேவாலயப் பதிவேட்டிலிருந்து எழுதி எடுத்து வந்திருந்தார். இருநூறு வருடத்துக்கு முந்திய ஒரு விவசாயி நீர் அடைத்து இறந்தார் என்பது அதில் இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பட்டாவிலாவது பாட்டன் பெயர் இருக்கும். எங்களுக்கு நிலமும் இல்லை, பட்டாவும் இல்லை. பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழை அவர் மகன் ஏழுமலை அண்ணன் முன்பொரு முறை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தது. பெயர், ஊர், தேதி எல்லாம் இருந்தன. எதனால் செத்தார் என்பதற்கு அதில் கட்டமே இல்லை.

3

மறுநாள் என் தம்பி பாபுவைக் கூப்பிட்டேன். திண்டிவனத்தில் லைன்மேன். அப்போது அவனுக்கு நாற்பத்து நாலு வயது. அப்பா அவனோடுதான் இருக்கிறார்.

"பாபு, அப்பா ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி எழுந்து போறாரு?"

"எங்க போறாரு?"

"ஒண்ணுக்கு."

"அக்கா, காலங்காத்தால இன்னா கேள்வி இது? நான் போஸ்ட்டுல ஏறப் போறேன்."

விஷயத்தைச் சொன்னேன். தாத்தா, பெரியப்பா, அத்தை. மூன்றும் ஒரே கோளாறாக இருக்கலாம். மார்பிலும் வரும், புராஸ்டேட்டிலும் வரும். அப்பாவுக்கு இருக்கலாம். அவருக்கு இருந்தால் நமக்கும் வர ஆளுக்குப் பாதி வாய்ப்பு. அவன் பின்னால் டிராக்டர் ஒன்று போகிற சத்தம் கேட்டது.

"சும்மா பேஜாரு பண்ணாதக்கா. அப்பா நல்லாத்தான் கீறாரு."

"நீ கேட்டுச் சொல்லு."

"நானா? அவராண்டயா? டாக்டரு நீயா நானா?"

"ஆம்பள நீதானடா."

"அதான் கேக்க முடியாது" என்று வைத்துவிட்டான்.

அடுத்து வல்லத்தில் இருக்கும் ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டேன். பெரியப்பாவின் மூத்த மகன். அண்ணன் கடைசி வரை பொறுமையாகக் கேட்டது. பிறகு சொன்னது: "கலை, உனக்குக் கும்புடு போடறேன். பெரியவளுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கேன். குடும்பத்துலயே கேன்சர் ஓடுதுன்னு ஒரு வார்த்த வெளிய வந்தா எவன் வாசப்படி ஏறுவான்? எங்கப்பன் இடுப்பு வலியிலதான் செத்தாரு. அத அப்பிடியே வுட்டுடு."

அண்ணன் பயப்பட்டதில் தப்பு எதுவும் இல்லை. எங்கள் ஆய்வில் சேர்பவர்களுக்கு நான் கொடுக்கும் சம்மதப் படிவத்தில் பதினொரு பக்கம் இருக்கிறது. அதில் எந்தப் பக்கத்திலும் மாப்பிள்ளை பார்ப்பது பற்றி ஒரு வரி கிடையாது.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவரிடம் சொன்னேன். சொந்தக் குடும்பத்தின் ரத்தத்தை எங்கள் ஆய்வுக்குள் கொண்டுவரக் கூடாது, அது முறையல்ல, நோயாளிகள் போகிற வழியிலேயே போ என்றார். ஏற்கனவே நோய் வந்தவரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அப்படியென்றால் அஞ்சலை அத்தை. மூன்று வார விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

4

அத்தையைக் கட்டிக்கொடுத்தது மண்டகப்பட்டில். நானும் அப்பாவும் திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினோம். அப்பா முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்தவர். ஏறியதும் கண்டக்டர் இருக்கைக்குப் பக்கத்து ஜன்னலோரம்தான் உட்காருவார். யார் எங்கே இறங்குவார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்வார்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் பேச்சை நிறுத்தினார். முன் கம்பியைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். நெற்றி வியர்த்திருந்தது. கடைசியில் எழுந்து கண்டக்டரிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். விசில் ஒலித்தது. பஸ் ஓரம் கட்டியது.

அப்பா இறங்கிப் புதர்ப் பக்கம் போனார். நான் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பின் சீட்டில் ஒருவர் "ஜல்தி வாப்பா பெருசு" என்று குரல் கொடுத்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்தபடி ஏறி வந்து உட்கார்ந்தார். வேலையில் இருந்தபோது இப்படி எத்தனை பேர் அவரிடம் கெஞ்சியிருப்பார்கள், எத்தனை பேருக்கு முடியாது என்று சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அரங்கம் நிறைந்த ஆட்களுக்கு முன் இந்தச் சுரப்பியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் ஆரம்பிக்க விக்கிரவாண்டி வரை ஆனது.

"எத்தினி நாளாப்பா இப்டி?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு வருஷம் இருக்கும். ட்ரிப்பு ட்ரிப்பா அடக்கி அடக்கி வந்ததும்மா இது. டைமுக்குப் போவணும்னு அடக்கிக்கினே இருந்தா?"

"ரத்தம் வருதா?"

"இல்ல."

"எரிச்சல்?"

"இல்ல."

"இடுப்புல, முதுகுல வலி?"

அவர் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். நான் யாரை நினைத்துக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணனுக்கு இதுதானா?" என்றார்.

"அப்டித்தான் நெனக்கிறேன்."

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வந்தது. இறங்கும்போது, "ஒரு ஸ்கேன் எடுத்திருக்கலாம். யாருக்குத் தெரிஞ்சிது?" என்று மட்டும் சொன்னார்.

5

அத்தை குத்தகை நிலத்தில் மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். அறுபத்து மூன்று வயது. எங்களைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பிறகு நாங்களும் உட்கார்ந்து செடியிலிருந்து காய் பிய்த்தோம். கைக்கு வேலை இருந்ததால் பேசுவது சுலபமாக இருந்தது. வந்த காரணத்தைச் சொல்லி, சோதிக்க அவள் ரத்தம் வேண்டும் என்றேன்.

"எனக்கு வந்த கட்டிக்கும் அண்ணன் இடுப்பு வலிக்கும் இன்னாடி சம்பந்தம்?" என்று கேட்டாள்.

உடம்புக்குள் தினமும் சின்னச் சின்னப் பழுது வந்துகொண்டே இருக்கும், அதைச் சரிபண்ண மெக்கானிக் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் அப்பா வழியில் வந்தவர், ஒருவர் அம்மா வழியில் வந்தவர் என்றேன். நம் வீட்டில் சிலருக்குப் பிறக்கும்போதே ஒருவர் வேலைக்கு வருவதில்லை. மற்றவரே எல்லாவற்றையும் பார்க்கிறார். என்றாவது அவரும் படுத்துவிட்டால் பழுது அப்படியே வளரும். ஆம்பளைக்கு ஒரு இடத்தில், பொம்பளைக்கு ஒரு இடத்தில்.

அத்தை கையிலிருந்த செடியைக் கீழே வைத்தாள். "அப்ப நான் பண்ணது ஒண்ணும் இல்லியா?"

"நீ என்னா பண்ண அத்த?"

"புள்ளைக்குப் பால் சீக்கிரம் நிறுத்திட்டேன், அதான்னு எங்க மாமியாரு சொல்லுச்சி. நாத்தனாரு சாமிக் குத்தம்னுச்சி. இருவது வருஷமா எதுவோ ஒண்ணு நான்தான் பண்ணிட்டேன்னு நெனச்சிக்கினு கீறேன்." கண்ணைத் துடைக்கவில்லை. கீழே வைத்த செடியை எடுத்து மண்ணை உதறினாள். பிறகு, "ரத்தந்தான? எவ்ளோ வேணுமோ எடுத்துக்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள். அவளுடைய ஆபரேஷன் காகிதங்கள் ஒன்றுவிடாமல் அதில் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவள். எது முக்கியம் என்று தெரியாததால் எதையுமே தூக்கிப் போடவில்லை.

சென்னையில் பெரிய மருத்துவமனை ஒன்றில் மரபணு ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. மூன்று முறை போனோம். முதல் முறை ஆதாரில் அஞ்சலை, ஆபரேஷன் காகிதத்தில் அஞ்சலாட்சி என்று இருந்ததால் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை அந்த டாக்டர் விடுப்பு. மூன்றாம் முறை ரத்தம் எடுத்தார்கள். அதற்குள் என் விடுப்பு முடிந்துவிட்டது.

6

அத்தைக்குக் கோளாறு இருந்தது. பி.ஆர்.சி.ஏ. டூ என்ற மரபணுவில். என் ஆய்வுக்கூடத்தில் தினமும் புழங்குகிற பெயர். அதன்பிறகு அப்பாவுக்கும் பாபுவுக்கும் பார்த்தார்கள். இரண்டு பேருக்குமே இருந்தது. நான் இங்கேயே சோதித்துக்கொண்டேன். எனக்கு இல்லை. எனக்கு இல்லாததால் யாழினிக்கும் என் வழியாகப் போகாது. அந்தக் கடிதத்தைப் படித்தபோது வந்த நிம்மதிக்குப் பின்னாலேயே வெட்கமும் வந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். எனக்கு வராதது அவனுக்கு வந்திருக்கிறது.

அப்பா எங்கள் இரண்டு பேரையும் போனில் வைத்துக்கொண்டு, "உங்களுக்குன்னு ஒரு சென்ட்டு நெலங்கூட நான் எழுதி வெக்கல. இதத்தான் குடுத்திருக்கேன் போல" என்றார்.

பாபு உடனே, "எனக்கு மட்டுந்தாம்பா குடுத்த. அக்காவுக்கு இல்ல. ஓரவஞ்சன" என்றான். மூன்று பேரும் சிரித்தோம். அப்பா சிரித்ததைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது.

கோளாறு இருக்கும் ஆண்கள் நாற்பது வயதிலிருந்தே ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் புரதத்தின் அளவைப் பார்த்துவர வேண்டும். எல்லாருடைய பயமும் அப்பாவைப் பற்றித்தான். அப்பாவுக்குத் துணையாகத்தான் பாபு போனான். முடிவை வாட்ஸாப்பில் அனுப்பியபோது நான் டிராமில் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, அப்பாவோடத வுட என்னுது ஜாஸ்தியா கீதே. பேரு மாத்தி ஒட்டிட்டானுங்களா?"

பெயர் மாறியிருக்க வேண்டும் என்று நானும் விரும்பினேன். மாதிரிகளில் பெயர் மாறாமல் பார்த்துக்கொள்வதே வேலையாக இருக்கும் நான், ஒரு முறை, அந்த ஒரு முறை மாறியிருக்கட்டும் என்று நினைத்தேன். திரும்ப எடுக்கச் சொன்னேன். அதே அளவுதான் வந்தது. ஸ்கேன், அப்புறம் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். அப்பாவுக்கு வெறும் வீக்கம். மாத்திரை போதும். பாபுவுக்குப் புற்று. ஓடுகிற ரகம். ஆனால் சுரப்பியை விட்டு வெளியே வரவில்லை.

நாங்கள் இத்தனை வருடமாகத் தேடும் புதிய அடையாளங்கள் எதுவும் அவனுக்குப் பயன்படும் நிலையில் இல்லை. அவனுக்கு உதவியது எல்லா ஊரிலும் கிடைக்கிற பழைய ரத்தப் பரிசோதனையும், அத்தை தூக்கிப் போடாமல் வைத்திருந்த கவரும்தான். இதை நான் என் மாணவர்களிடமும் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு நான் போயிருந்தேன். அறுவை அரங்குக்குள் கொண்டுபோகும் முன், "அக்கா, இதுக்கு மேல அப்டி இப்டி இருக்க முடியாமப் பூடுமா? அவ சின்ன வயசுக்காரி" என்று கேட்டான். மனைவியைப் பற்றிச் சொல்கிறான். தம்பி அக்காவிடம் கேட்கிற கேள்வி இல்லை. கேட்டுவிட்டான். நானும் மறைக்காமல் சொன்னேன்: கொஞ்ச நாள் கஷ்டம், நரம்பைக் காப்பாற்றப் பார்ப்பார்கள், உறுதியாகச் சொல்ல முடியாது. "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிடுவான். "தும்முனா வந்துடுதுக்கா. சிரிச்சா வந்துடுது. அப்பா வேணும்னே சிரிப்பு காட்டுறாரு." உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். ஐந்தாவது மாதம் கம்பத்தில் ஏறி நின்று படம் எடுத்து அனுப்பினான். கம்பத்தில் ஏறி நின்றுகொண்டு போனை எடுக்காதே என்று திட்டி எழுதினேன்.

7

ஏழுமலை அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பாபு போயிருந்தான். தாலி கட்டியான பிறகு அண்ணன் அவனைப் பந்திக்குப் பின்னால் கூட்டிப்போய், "எங்க போய்ப் பாத்த? எனுக்கும் சொல்லு" என்று கேட்டதாம். போய்ப் பார்த்தது. அண்ணனுக்குக் கோளாறு இல்லை. அதனால் புது மணப்பெண்ணுக்கும் இல்லை. அண்ணன் என்னிடம் போனில், "ஒரு வருஷம் பயந்துக்கினே கெடந்தேன் கலை, முன்னாடியே பாத்திருக்கலாம்" என்றது. பாபுவின் பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்கிறார்கள். பெரியவர்களானதும் அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறோம்.

போன வாரம் இங்கே மதியம், அங்கே மாலை. அப்பா வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் திண்டிவனத்து டீக்கடை பெஞ்சு. மாதத்தில் ஒரு நாள், ஓய்வுபெற்ற டிரைவர், கண்டக்டர்கள் எல்லாரும் அங்கே கூடுவார்கள்.

"கலை, தங்கராசு பேசணுங்கறாரு" என்று போனைக் கைமாற்றினார்.

தங்கராசு மாமா அப்பாவோடு பல வருடம் பஸ் ஓட்டியவர். திரையில் முகம் வந்தது, உடனே பக்கவாட்டில் போனது. "நல்லா கீறியாம்மா? பேத்தி நல்லா கீதா? அங்க குளிரு எப்டி?" என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"கேளுய்யா" என்று அப்பாவின் குரல் கேட்டது. "எம் பொண்ணுதான். கூச்சப்படாத. புராஸ்டேட்டு வெக்கப்பட்டா சும்மா வுட்டுடாது."

தங்கராசு மாமா தொண்டையைச் செருமினார். "ஒண்ணுக்குப் போனா... முடிஞ்ச மாதிரியே இல்லம்மா. திரும்பத் திரும்ப வருது. எங்க வூட்ல கூடச் சொல்லல."

"எத்தினி மாசமா மாமா?" என்று கேட்டு, ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். எல்லாருக்கும் இது புற்றாக இருக்காது, பெரும்பாலும் வீக்கம்தான், ஆனாலும் ஒரு முறை காட்டிவிட வேண்டும் என்று சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மெல்ல மெல்லப் பேச்சு சரளமானது. அவருக்குப் பின்னால் பெஞ்சில் யாரோ நகர்ந்து உட்காருகிற சத்தம், நாற்காலி இழுபடுகிற சத்தம், இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம்.

எல்லாவற்றுக்கும் மேலாக அப்பா கத்தினார்: "தள்ளாதீங்கப்பா. எல்லாருக்கும் எடமிருக்குது. ஒவ்வொருத்தரா வாங்க."